தம்பி வீட்டில் இருப்பவளுக்கு

ஜூன் 9

தம்பி வீட்டில் இருப்பவளுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். வேனில் என்னைக் கடைசி சீட்டில் உட்கார வைத்தார்கள். இறங்கி எவ்வளவு நேரமாகியும் இடுப்பு மட்டும் இன்னும் வேனுக்குள்ளேயே இருக்கிறது. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

"நீங்க சொல்லுங்க பாட்டி, நான் டைப் அடிச்சுத் தரேன்" என்றாள் பேத்தி. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், அவள் விரல் பட்டால் எழுத்து பறக்கும். வேண்டாம் என்றுவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான், ஆனால் அது அந்தக் காலத்து ஐந்து. என் சண்டையை நானே எழுதிக்கொள்வேன். உங்கள் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைக்காமல் இருப்பதும் நல்லதற்குத்தான். போனில் எனக்குக் கோபம் வரும், உனக்கு வராது. அதில் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பக்கவாதம் வந்து படுத்திருக்கிற தம்பியைப் பார்க்க, காடு பார்க்கப் போகிற சுற்றுலா வேனில் டிக்கெட் வாங்கி வந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு வண்டி எதுவும் உங்கள் பக்கம் வருவதில்லை என்றால் என்ன செய்ய. வேன் முழுக்கப் பணி ஓய்வு பெற்றவர்கள். ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு மாத்திரை டப்பா. சரணாலயத்துக் கேட்டில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நீ நின்றாய். என்னையும் பார்த்தாய், என் பக்கத்தில் நின்ற தொப்பியையும் பார்த்தாய். "எல்லாரும் வாங்க. ஒத்தை வரிசையா நடங்க, சத்தம் வேண்டாம்" என்றாய். நாத்தனார் வந்திருக்கிறாளே என்று தனியாக ஒரு வாங்க இல்லை.

சரி, நான் மட்டும் உன் கல்யாணத்துக்கு வந்தேனா என்று நீ கேட்கலாம். வரவில்லைதான். ஜீப் ஓட்டப் போன பையன் காட்டிலேயே பெண் பார்த்துக்கொண்டான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் அது. அதை இப்போது கிளற வேண்டாம்.

காடு நன்றாகத்தான் இருந்தது. இல்லாததைச் சொல்ல மாட்டேன். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் வழியை வைத்திருக்கிற லட்சணம் சரியில்லை. நீ முன்னால் போனாய், நான் மூட்டுவலிக்காரி, கடைசியில் வந்தேன். அங்கங்கே பச்சைக் கொப்புகள் முறிந்து குறுக்கே கிடந்தன. பின்னால் இரண்டாவது கூட்டம் வேறு வருகிறது, வயசானவர்கள், தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? தையல்காரி நான், வெட்டின துணி தரையில் கிடந்தால்கூட எனக்குக் கை பொறுக்காது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டி உன் வீட்டுக்கே கொண்டு வந்தேன். தம்பிக்கு வெந்நீர் வைக்க ஆயிற்று. பச்சை விறகு, ஒரே புகை, கண் எரிந்தது. சாயங்காலம் நீ வந்து அடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். வெந்நீர் வைத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாய்.

உங்கள் ஊருக்குள் வேன்காரர்கள் செய்த கூத்தையும் பார்த்தேன். செருப்போடு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். ஒரு அம்மாள் உங்கள் ஊர்ப் பெரியவரிடம், "சட்டையைக் கழட்டுங்க ஐயா, அப்பத்தான் படம் அசலா இருக்கும்" என்றாள். அவர் நிதானமாக, "உங்க வீட்டுக்காரரை முதல்ல கழட்டச் சொல்லுங்கம்மா, பாத்துட்டு நானும் கழட்டறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் மூடிக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு இரண்டாவது கூட்டம் வழி தப்பி யானையிடம் போய் நின்று, ஓடி, எங்கள் வேனில் வந்த அந்தப் போஸ்ட் மாஸ்டர் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார் அல்லவா. திரும்பி வரும்போது வேனில் அதே பேச்சு. "கைடம்மாவுக்கு வீட்டு நினைப்பு. புருஷனைப் பார்க்க ஓடற அவசரத்துல அடையாளம் வெக்காமப் போயிட்டாங்க" என்கிறார்கள். என்ன அடையாளமோ, போர்டோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. ஒரு கையால் அவனையும் இன்னொரு கையால் வேலையையும் பிடித்துக்கொண்டு உன்னால் முடியவில்லை.

அவனை என்னிடம் அனுப்பிவிடு. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். என் தெருவில் ஒரு மளிகைக்காரர் வாய் கோணிப் படுத்தவர், இப்போது கடையில் நின்று எடை போடுகிறார். அங்கே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் எப்படி எழுந்திருப்பான்? "க்கா" என்று அவன் என்னைக் கூப்பிட்டது காதிலேயே இருக்கிறது. முதல் எழுத்து எங்கோ போய்விட்டது.

பதில் போடு.

அக்கா


ஜூன் 21

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. தபாலைச் சரணாலயத்துக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கம் யாராவது போனால்தான் கைக்கு வரும்.

அவருக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். சட்டைக் கதைக்குச் சிரித்தார். இப்போது சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வருகிறது. பெரியவரைக் கூப்பிட்டு மறுபடியும் படிக்கச் சொன்னார். பெரியவர், "அந்த அம்மா சிரிச்சாங்களா? நான் பாக்கலியே. பாத்திருந்தா இன்னொண்ணு சொல்லியிருப்பேன்" என்றார்.

தனியாக வாங்க சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சைச் சட்டை போட்டிருக்கும்போது சொந்தக்காரர்களைத் தனியாகக் கவனிக்கக் கூடாது. எல்லாரும் வாங்க என்று சொன்னதில் உங்களுடையதும் இருந்தது.

அவரை அனுப்ப முடியாது அண்ணி. தூக்கி உட்கார வைக்க என் தம்பி வருகிறான். நான்தான் குளிப்பாட்டுகிறேன். கஞ்சி சிந்தாமல் குடிக்கிறார். வேலை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று என்னால் முடியாது என்று சொன்னீர்கள். இப்போது வேலை இல்லை. விசாரணை முடிகிற வரை வர வேண்டாம் என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால் அவரைப் பார்த்துக்கொள்ள முழுநேரமும் ஆள் இருக்கிறது.

போஸ்ட் மாஸ்டர் ஐயாவின் கை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டில் இருப்பவள்


ஜூலை 2

தம்பி வீட்டில் இருப்பவளுக்கு,

கையெழுத்துப் போட்ட விதம் புரிந்தது. நான் குத்தினால் நீ ஊசியைப் பிடுங்கி எனக்கே குத்துகிறாய். என் தம்பிக்குச் சரியான ஜோடிதான்.

முழுநேரமும் ஆள் இருக்கிறது என்கிறாய். அடுப்பு எரிய வேண்டாமா? வேலை இல்லாதவள் எத்தனை நாள் ஓட்டுவாய்? உன் தம்பி வருகிறான் என்கிறாய். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. இன்றைக்குத் தூக்குவான், நாளைக்குத் தூக்குவான், அப்புறம் அவன் பெண்டாட்டி முகம் தூக்குவாள். நாலு குடும்பம் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா.

நான் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி, ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறேன். மாடிப்படி செங்குத்துதான். நாற்காலியோடு தூக்கிவர எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனும் அவர் மச்சானும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிற பெண்ணைப் பார்த்தேன். சின்னப் பெண், முகத்தில் தூக்கமே இல்லை. "எத்தனை மாசமாச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். "சீக்கிரம் கொண்டு வாங்கம்மா, நாளானா விரல் இறுகிடும்" என்றாள். கேட்டுக்கொள், இறுகிவிடுமாம். நீ குளிப்பாட்டுவது சரி, கஞ்சி கொடுப்பது சரி. விரல் இறுகினால் நீ என்ன செய்வாய்?

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீ கவனிக்கிறாய், நான் பார்த்தேன். ஆனால் மனசு ஒரு இடத்தில் இருந்தால் கை இன்னொரு இடத்தில் தவறும். அன்றைக்கு நீ அடையாளம் வைக்க மறந்ததும் அதனால்தானே. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அசதி என்று சொல்கிறேன். ஓர் ஆளுடைய கை ஒடிந்தது. நாளைக்கு வீட்டிலேயே ஏதாவது மறந்தாயானால்?

மாதக் கடைசியில் வண்டி பிடித்துக்கொண்டு நானே வருகிறேன். அவன் துணிகளை மடித்து வை.

அக்கா


ஜூலை 13

அண்ணிக்கு,

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் இரண்டாவது தரமும் எழுதியதால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

நான் மறக்கவில்லை.

எங்கள் அடையாளம் போர்டு இல்லை. யானை இன்றைக்கு இருக்கிற இடத்தில் நாளைக்கு இருக்காது, போர்டு எங்கே நடுவது? காலையில் முதலில் போகிறவர், போகக் கூடாத கிளைப்பாதையின் வாயில் பச்சைக் கொப்பை முறித்துக் குறுக்கே போடுவார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பாமல் வருவார். ஆள் குறைவு என்பதால் அன்றைக்கு நான் முதல் கூட்டத்தோடு போனேன். புதிதாக வந்த காவலர் இரண்டாவது கூட்டத்தை அழைத்து வந்தார். அவருக்குப் பாதை தெரியாது, கொப்பைப் பார்த்துத்தான் வர வேண்டும். ஓடைப் பக்கம் குட்டியோடு யானை நின்றது. அந்தப் பாதையின் வாயில் கொப்பு போட்டேன். அதற்கு முன்னால் இருந்த பாதைகளிலும் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவை என் அடுப்பில் இருந்தன. நுனி எரியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கை முறித்தது எனக்குத் தெரியும்.

அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரேஞ்சர் கேட்டபோது, "போட்டேன் சார்" என்றேன். "அப்ப எங்கம்மா போச்சு? யானை தூக்கிட்டுப் போச்சா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். சொன்னால் உங்களை மறுபடியும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். எங்கள் ஆட்களும் விடமாட்டார்கள். கொப்பை எடுப்பது எங்கள் ஊரில் குழந்தைகூடச் செய்யாத காரியம். அவருக்குத் தன் பக்கம் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வந்துபோனதிலிருந்து அவர் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

என் மேலும் தப்பு இருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே கொப்பைத் தொடாதீர்கள் என்று எல்லாருக்கும் சொல்வது வழக்கம். அன்றைக்கு நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். என்ன சொன்னாலும் உங்களுக்கு நான் அதிகாரம் பண்ணுவது மாதிரி இருக்குமே என்று சுருக்கமாக முடித்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. அதை நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் மறந்தவள் என்று நீங்கள் எழுதுவதை இனி என்னால் வாசிக்க முடியாது. அதை வைத்து அவரைக் கேட்காதீர்கள்.

வண்டி பிடிக்க வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 20

குச்சி குச்சிதான். வழியில் கிடந்ததைப் பொறுக்கினேன், வீட்டுக்குள் புகுந்து எடுக்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டு இப்போது எழுதுகிறாய். தப்பு நடந்த அன்றைக்கே, அங்கேயே, முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நான் ரேஞ்சரிடம் போயிருக்க மாட்டேனா? என்னைக் காப்பாற்ற உன்னை யார் கேட்டார்கள்? நீ எனக்குப் பிச்சை போட்டுவிட்டு, அதை ஒரு மாதம் கழித்துச் சொல்லிக் காட்டுகிறாய்.

வண்டி சொல்லவில்லை. மூட்டு வலி.


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் இல்லை. இது வேறு விஷயம்.

போன வாரம் அவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அடி பலமில்லை, நெற்றியில் வீங்கியிருக்கிறது. நான் அப்போது பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்கப் போயிருந்தேன். சரணாலயத்தில் இன்னும் கூப்பிடவில்லை, அதனால் போகிறேன். மத்தியானம் வந்து பார்த்தால் தரையில் கிடக்கிறார். தண்ணீர்ச் செம்பை எட்டியிருக்கிறார். என் தம்பி அன்றைக்கு வெளியூர். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. நானும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஆள் வருகிற வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். "ஜீப் பஞ்சர்" என்றார். நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. தூக்கம்தான் வந்தது.

விரல் இறுகிவிட்டது அண்ணி. நடுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடிந்துவிட்டன. பிரித்தால் வலிக்கிறது என்கிறார். எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காலில் முள் என்றால் தெரியும், பாம்பு என்றால் தெரியும். இது தெரியவில்லை.

நான் சோர்ந்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். வந்து அழைத்துப் போங்கள்.

இதை எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் சொன்னதையும் எழுதச் சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார், அதை அப்படியே சேர்த்து எழுதுகிறேன்.

"அக்கா, நான் வரலை. ஊரு புடிக்கலைன்னு இல்ல. மாடின்னும் இல்ல. உன் வீட்டுல எனக்கு யாரு கழுவி விடுவா? நீதான் விடுவே. நீ விடுவேன்னு எனக்குத் தெரியும். அதான் வரலை. உன் கையால சோறு வாங்கித் தின்னவன் நான். இதுக்கு உன் கையை நீட்டச் சொல்ல என்னால ஆகாது. இவ பெண்டாட்டி, இவகிட்ட வெக்கம் போயிடுச்சு. உன்கிட்ட போகாது. போகவும் வேணாம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் இதுவரை தெரியாது. ஊரை விட்டு வர மனசில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் சொல்ல வேண்டியதையும் அவர் சொன்னதையும் எழுதிவிட்டேன். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் பெரியவர்.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 19

அம்மாடி,

உன்னை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று யோசித்தே அரைப் பொழுது போயிற்று. இதுதான் வந்தது, இருக்கட்டும்.

சின்னவனைக் குளிப்பாட்டி வளர்த்ததே நான்தான், இப்போது மட்டும் என்ன வெட்கம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. எனக்குப் போன வருஷம் காய்ச்சல் வந்தபோது என் மகன் என்னைக் குளியலறை வரைக்கும் பிடித்துக்கொண்டு போனான். வாசலில், "விடுடா, போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே விழுந்தாலும் விழுவேன், அவன் உள்ளே வரக் கூடாது. அது ஞாபகம் வந்தது. எனக்கு இருக்கிற வெட்கம் என் தம்பிக்கு இருக்கக் கூடாது என்று நான் எப்படிச் சொல்வேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது கோபத்தில் எழுதியது. உன் மேல் இல்லை. இந்த வயசில் எனக்காக ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துப் பழக்கம், வாங்கிக்கொண்டு பழக்கமில்லை.

இங்கே சரணாலயத்துத் தலைமை ஆபீஸுக்குப் போனேன். ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் டீ குடித்தார்கள். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டார். கொப்பை எடுத்தது நான், அவள் இல்லை, என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "வயசானவங்க, தெரியாம எடுத்திருப்பீங்க. விடுங்கம்மா. இனிமே அந்தப் பழக்கமே கிடையாது, தகர போர்டு அடிக்கச் சொல்லியாச்சு" என்றார். "சரிங்க, அவ வேலை?" என்றேன். "அது ரேஞ்சர் பாத்துப்பாரு" என்றார். "ரேஞ்சர்கிட்ட நீங்க சொல்லுவீங்களா?" என்றேன். "சொல்றேன்" என்றார். எப்படிச் சொன்னார் என்றால், மாவு அரைத்துத் தருகிறேன் என்று மிஷின்காரன் சொல்வானே, கரண்டு இல்லாத நேரத்தில், அப்படி. நான் போனதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனாலும் போனேன், அது உனக்குத் தெரிய வேண்டும்.

போஸ்ட் மாஸ்டர் வீட்டுக்கும் போனேன். கட்டு பிரித்துவிட்டார்கள். அவரிடமும் சொன்னேன். அவர் மனைவியைக் காட்டி, "யானை சும்மாதாங்க நின்னுச்சு. ஓடுங்க ஓடுங்கன்னு இவ தள்ளினதுலதான் விழுந்தேன்" என்றார். அந்த அம்மாள் எனக்குத் தேநீர் கொடுத்தாள், அவருக்குக் கொடுக்கவில்லை. உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்போது விரல். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பயிற்சிப் பெண்ணிடம், "எனக்குக் கத்துக்கொடு" என்றேன். "பேஷண்ட் இல்லாம எப்படிம்மா?" என்றாள். "என்னையே பேஷண்டுன்னு வெச்சுக்கோ" என்றேன். அவளுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. பாயில் என்னைப் படுக்க வைத்து என் கையைத் தூக்கினாள், மடக்கினாள், நீட்டினாள். விரலை நேராகப் பிடித்து இழுக்கக் கூடாதாம். முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மடக்க வேண்டும், அப்போது விரல் தானாகத் தளரும். அந்த நேரம் பார்த்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். தினமும் போகிறேன். வரிசையில் நிற்கிறவர்கள், "இந்தம்மாவுக்கு எந்தப் பக்கம் இழுத்துக்கிட்டது?" என்று என் காதுபடக் கேட்கிறார்கள். நாக்கு மட்டும் இழுக்கவில்லை என்று காட்டிவிட்டேன். இப்போது என் கை அருமையாக இருக்கிறது, ஊசியில் நூல்கூட முன்னைவிடச் சுலபமாகக் கோக்கிறேன். ஆனால் இழுத்துக்கொண்டது அவன் கை, அது அங்கே கிடக்கிறது.

எழுதி அனுப்பலாம் என்று பார்த்தேன். எழுத்தில் வரவில்லை. எவ்வளவு அழுத்துவது என்பது கையில்தான் இருக்கிறது.

அவனை நான் இனிக் கேட்கவில்லை. இரவல் கொடுத்த அண்டாவைத் திருப்பிக் கேட்பது போல இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கொடுக்கவும் இல்லை, நீ இரவல் வாங்கவும் இல்லை. அவன் உன் வீட்டுக்காரன். அங்கேயே இருக்கட்டும்.

நான் அங்கே வரட்டுமா? விருந்துக்கு இல்லை. நீ தோட்டத்துக்குப் போகிற நேரம் அவன் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் செம்புக்கு எட்ட மாட்டான். விரலை நான் பார்த்துக்கொள்வேன், உனக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவேன். மிஷினைக் கொண்டுவர முடியாது, கத்தரிக்கோலும் ஊசியும் போதும். நான் வருவதில் உன் ஆட்களுக்கு மனசில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. நீ வேண்டாம் என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபம் வரும். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் ஆட்களிடம் நானே சொன்னேன், கொப்பை எடுத்தது யார் என்று. அப்புறம் பெரியவர், "வரட்டும். முன்னாடி நான் நடந்து கூட்டியாறேன், அந்த அம்மா கை ரெண்டும் என் கண்ணுக்குத் தெரியணும்" என்றார். அவர் சொன்னால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் எல்லாரும் சிரித்த முகமாகப் பேசுவார்கள் என்று நினைத்து வர வேண்டாம். நாளாகும்.

ரேஞ்சரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மழை முடிந்து கூட்டம் வந்தால் பார்க்கலாம் என்று காவலர் சொன்னார். அதுவரை தோட்டம்தான்.

நீங்கள் எழுதியபடி மணிக்கட்டை மடக்கிப் பார்த்தேன். விரல் தளர்ந்த மாதிரிதான் இருந்தது. அதற்கு மேல் பிரிக்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் படுக்கை எங்கள் அறையிலேயே, மறுசுவர் ஓரம். வேறு இடம் இல்லை. கூரை அந்தப் பக்கம் ஒழுகாது. நான் இல்லாத நேரம் அவருக்குத் தேவைப்பட்டால் பக்கத்து வீட்டில் பெரியவரின் மகன் இருப்பான், ஒரு குரல் கொடுத்தால் போதும். அவனிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

நீங்கள் வருவதாக அவரிடம் சொன்னேன். "வந்து?" என்றார். விரலுக்கு என்றேன். அப்புறம் ஒன்று மட்டும் கேட்டார், அதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் நான் அவரைக் குளிப்பாட்டும்போது நீங்கள் வெளியே போய்விட வேண்டும். கதவைச் சாத்திக்கொள்வோம். கொஞ்ச நேரம்தான். திறந்த பிறகு உள்ளே வாருங்கள், தலை வாரி உட்கார வைத்திருப்பேன்.

உங்கள் தம்பி மனைவி